அசைவை நாடும் முதுகு
ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை 7 கழுத்தெலும்புகள் தாங்குகின்றன. தலை குனியக் குனியப் பின்கழுத்துத் தசைகளின் சுமை பெருகுவதால், கைபேசியை மடியில் வைத்து நெடுநேரம் பார்ப்போருக்குக் கழுத்துவலி தோள்வரை பரவக்கூடும். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளுக்கு, அதாவது டிஸ்க்குகளுக்கு, வளர்ந்தோரிடத்தில் நேரடி இரத்தவோட்டம் பெரும்பாலும் இல்லாமையால், அருகிலுள்ள எலும்பிலிருந்து ஊட்டம் மெல்லக் கசிந்தே வருகிறது. உடலசைவு அதற்குத் துணைசெய்கிறது. முதுகுவலி வந்தால் நாள்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை மருத்துவம் கைவிட்டுவிட்ட செய்தி பலரை இன்னும் எட்டாதது வருந்தத்தக்கது. இயன்றவரை நடமாடுவதே மேல். ஆனால், வலியுடன் காலில் வலுக்குறைவோ, தொடையிடுக்கில் மரமரப்போ, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றமோ தோன்றினால், நரம்புகள் நசுங்கியிருக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.