உதட்டைப் பிளந்தது கிரகணமா?



ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இன்றைக்கும் கிரகணம் என்றால் கர்ப்பிணிப் பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைக்கிறார்கள். அரிவாள்மனையைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடுமாம். அப்படியொரு குழந்தை பிறந்துவிட்டால், பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரு கிரகணத்தைக் கண்டுபிடித்து, "அன்னைக்கு நீ என்ன பண்ணுன?" என்று தாயைக் குடைகிறார்கள். உலகில் ஆண்டுக்கு நான்கு கிரகணமாவது வருகிறது. தேடினால் கிடைக்காமலா போகும்?

கருவுற்ற நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் முகத்தின் இரு பக்கமும் வளர்ந்து வந்து ஒட்டினால்தான் மேலுதடு. அண்ணம் அதற்குப் பின் சில வாரங்களில் மூடுகிறது. ஒட்டாவிட்டால் பிளவு. உலகம் முழுக்க ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. பல பெண்களுக்குக் கரு தரித்ததே அந்த நேரத்தில்தான் தெரியவரும். ஏழாம் மாதத்துக் கிரகணம் எதைப் பிளக்கும்?

ஒட்டாமல் போவதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணுவின் கோளாறு வான் டெர் வூட் நோய்த்தொகையை உண்டாக்குகிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். அது தாய், தந்தை இருவரில் யாரிடமிருந்தும் வரலாம். பெரும்பாலான பிளவுகளில் பல மரபணுக்களோடு சூழலும் சேர்கிறது. புகை, தாயின் சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள். (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.)

அடுத்தது சொந்தத்தில் கட்டுவது. அக்கா மகளைக் கட்டினால் பிள்ளையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கும், மாமன் மகளென்றால் பதினாறில் ஒரு பங்கும் ஒரே முன்னோரிடமிருந்து இரு வழியிலும் வந்தவை. ஒளிந்திருக்கும் குறைகள் அங்கே சந்திக்கின்றன. பிளவின் அபாயமும் இதில் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்தான் நடக்கின்றன.

"நாங்க சொந்தத்துல கட்டலை, சாதிக்குள்ளதான்" என்பவர்களுக்கும் சேதி உண்டு. ஐதராபாத் சிசிஎம்பி அறிவியலாளர்கள் பங்கேற்ற 2017 ஆய்வில், 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள், பின்லாந்து மக்களையும் அஷ்கநாசி யூதர்களையும் விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அது பிளவைப் பற்றிய ஆய்வு அல்ல. சாதி மாறிக் கட்டினால் பிளவே வராது என்றும் நான் சொல்லவில்லை. சாதிமறுப்பு மணத்துக்கு மரபணுவின் நற்சான்று எதற்கு? ஆனால் 2015இல் இதே மண்ணில் கோகுல்ராஜைக் கொன்றது எந்த "ரத்தச் சுத்தம்" பேசிய வெறியோ, அந்தச் சுத்தத்தின் ஆய்வகக் கணக்கு இது.

குழந்தைக்கு வருவோம். உறிஞ்ச முடியாவிட்டால் நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையில் பால் கொடுங்கள். உதட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல், அண்ணத்துக்கு ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை, பிறகு பேச்சுப் பயிற்சி. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறையும் இருக்கிறது. சேலம் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அடுத்த பிள்ளைக்கும் வருமோ என்று அஞ்சி மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசும் மாமியார்களே, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்துதான். அதிலும் உங்கள் மகனின் மரபணுவுக்கும் பங்குண்டு.