பிள்ளையை அடிக்காதீர், சக்கரத்துக்கு வேலி போடுங்கள்!

(ஆலைத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சாலையின் பற்சக்கரத்தில் ஒரு தொழிலாளியின் விரல் சிக்கினால் முதலாளி என்ன சொன்னான்? "அவனுக்குக் கவனம் இல்லை" என்றான். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள்? "சக்கரத்துக்கு மூடி எங்கே?" என்று கேட்டார்கள். அபாயமான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. செல்போனில் ஏமாந்து போகும் நம் பிள்ளைகள் விஷயத்திலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு மூளை வேறு விதமாக வேலை செய்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர், சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக் கொள்வார்கள்; சூதும் இரட்டைப் பேச்சும் சட்டென்று பிடிபடாது. கவனக் குறைவும் துடிதுடிப்பும் உள்ள பிள்ளை யோசிக்கும் முன்பே பொத்தானை அமுக்கி விடும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளை எச்சரிக்கை வாசகத்தைத் தாண்டிப் போய்விடும். இது திமிரும் அல்ல, வளர்ப்புக் குற்றமும் அல்ல. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது.

பள்ளியில் கிடைக்காத சிநேகிதம் இந்தப் பிள்ளைக்குப் போனில் கிடைக்கிறது. முகம் பார்த்துப் பேச வேண்டாம். பிடித்த விளையாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். அது நல்லதுதான். ஆனால் மோசக்காரனும் அங்கேதான் வலை விரிக்கிறான். "நீ என் சிநேகிதன், ஒரு படம் அனுப்பு" என்கிறான். அனுப்பியதும், "பணம் கொடு, இல்லாவிட்டால் ஊருக்கெல்லாம் காட்டுவேன்" என்கிறான். இன்னொருவன், "உன் பாங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்கிறான். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியே ஓடுகிறது. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவனைத்தான்!

நாம் என்ன செய்கிறோம்? அடிக்கிறோம், போனைப் பிடுங்குகிறோம். அடுத்த தடவை பிள்ளை நம்மிடம் சொல்லாது. மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். பிள்ளையின் பயமே அவனுடைய மூலதனம்.

வேலி எப்படிப் போடுவது?

முதலாவது, "ஜாக்கிரதையாக இரு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. "தெரியாதவனோடு பேசாதே" என்றாலும் போதாது. ஒரு மாதம் பேசியவன் பிள்ளையின் கணக்கில் தெரிந்தவன்! நறுக்கென்று சொல்லுங்கள்: உடையில்லாத படம் யாருக்கும் அனுப்பாதே. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதே. பாங்கி அட்டையையும் சிம் கார்டையும் யாருக்கும் கொடுக்காதே. "வீட்டில் சொல்லாதே" என்று எவன் சொன்னாலும் அன்றே வீட்டில் சொல். இவற்றைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நடித்துக் காட்டிப் பழக்குங்கள்.

இரண்டாவது, பக்கத்தில் உட்காருங்கள். போன் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். "இந்த விளையாட்டை எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். யார் யார் அங்கே பேச வருகிறார்கள் என்பது தானாகத் தெரியும்.

மூன்றாவது, "எது நடந்தாலும் சொல், அடிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

மோசம் நடந்துவிட்டால் தாமதம் கூடாது. பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். நேரம் போனால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 இருக்கிறது. மிரட்டுகிறவனுக்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் மேலும் கேட்பான். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.

போலீஸ் என்றால் தயக்கமா? 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ, பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். பிள்ளைக்கு மனக் குறைபாடோ உடற்குறைபாடோ இருந்தால், அதன் பேச்சு முறை அறிந்தவரின் உதவியை நாடலாம். இதைக் கேட்டு வாங்குங்கள்.

கூலி வேலைக்குப் போகும் தாய் ஸ்டேஷன் வாசலில் தனியே நிற்கக் கூடாது. அவள் கேட்டால், சங்கத் தோழர் ஒருவர் கூடப் போக வேண்டும். அந்த வீட்டு விஷயத்தை ஊரில் பேசாமல் இருக்கவும் வேண்டும். அதுவும் சங்க வேலைதான், தோழர்களே!