தேடுவோர் கண்ணில் படும் கடை

(பூரணாங்குப்பத்தில் சிறுவணிகர்களுக்காக ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வணிகம் என்பது நல்ல பொருளைச் செய்வதோடு முடிவதன்று. அப்பொருள் இன்ன இடத்தில் இன்னாரிடம் கிடைக்கும் என்பதை வேண்டுவோர் அறிந்தால்தான் வணிகம் நிறைவுறும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூரணாங்குப்பத்திற்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘பெரிப்புளூஸ்’ என்னும் கடல்வழிக் கையேடு, தமிழகத்தின் கீழைக் கரைத் துறைமுகங்களுள் ஒன்றாகப் ‘பொதுகே’ என்ற பெயரைக் குறிக்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் தம் நிலநூலில் அப்பெயரைப் பதிந்தார். அப்பொதுகே அரிக்கமேடே என்பது அறிஞர் பலர் கருத்து. துறையின் பெயர் ஏட்டில் ஏறியிருந்தது. ஏட்டைப் படித்த கடலோடிக்குத் திசை தெரிந்தது.

1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தியபோது, இத்தாலி நாட்டு அரிட்டைன் மட்கலங்கள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றில் குயவர்தம் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. அக்கலங்களைக் கொண்டே அந்த மண்ணடுக்கின் காலம் வரையறுக்கப்பெற்றது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. பெயர் எழுதிய ஓடு ஈராயிரம் ஆண்டு கழிந்தும் தன்னை அறிவித்துக்கொள்கிறது. பெயர் எழுதாத ஓடு, ஓடாகவே கிடக்கிறது.

இன்று அக்கையேட்டின் இடத்தில் தேடுபொறி அமர்ந்திருக்கிறது. பூரணாங்குப்பத்தில் ஒருவர் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டுகிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணெய் தூயது, விலை நேர்மையானது. அவருக்கென ஓர் இணையதளமும் உண்டு. ஆயினும் நான்கு கல் தொலைவில் உள்ள ஒருவர் கைப்பேசியில் தேடும்போது இவர் கடை தென்படுவதில்லை. தேடியவர் தொலைதூர நகரத்து நிறுவனத்திடம் எண்ணெய் வாங்குகிறார். அல்லது அதே செக்கின் எண்ணெயை இடைத்தரகர் வழியே கூடுதல் விலைக்கு வாங்குகிறார். உழைத்தவர்க்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கு, தெரியாமை என்னும் ஒரே காரணத்தால் கைமாறிப் போகிறது. இவ்வுரை அந்தத் தெரியாமையை நீக்கும் வழி பற்றியது.

சுட்டியும் நிகண்டும்

தேடுபொறி மாயக்கண்ணாடி அன்று. அதன் பணி மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலாவது, தானாக இயங்கும் நிரல் ஒன்று இணையப் பக்கங்களைப் படித்து, அவற்றிலுள்ள இணைப்புகளின் வழியே அடுத்தடுத்த பக்கங்களுக்குச் செல்கிறது. இரண்டாவது, இன்ன சொல் இன்ன பக்கத்தில் உள்ளது என்று ஒரு பெருஞ்சுட்டியில் பதிந்துகொள்கிறது. மூன்றாவது, ஒருவர் தேடும் நேரத்தில் அச்சுட்டியிலிருந்து பொருந்தும் பக்கங்களை எடுத்துத் தகுதி நோக்கி வரிசைப்படுத்துகிறது. ஆகவே ஒரு கடையின் பக்கம் சுட்டியில் ஏறியிருக்கிறதா என்பதே முதற்கேள்வி. கடையின் முழுப்பெயரை இட்டுத் தேடியும் பக்கம் வரவில்லையெனில், அது சுட்டியில் ஏறாமல் இருக்கக்கூடும். கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’ என்னும் கருவியில் தளத்தைப் பதிவு செய்தால், எந்தப் பக்கம் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்பன தெரியவரும். தளம் அமைக்கும் காலத்தில் ‘இதனைச் சுட்டியில் ஏற்றற்க’ என்று இட்ட தடையை நீக்க மறந்துவிடுவதும் உண்டு. உள்ளே விளக்கேற்றிவிட்டு வெளிக்கதவைத் தாழிட்ட கடை போன்றது அத்தளம்.

சொற்களைத் தொகுத்து வைத்துத் தேடும் முறை தமிழுக்குப் புதிதன்று. திவாகரம் முதலாகிய நிகண்டுகள், ஒரு பொருட்குரிய பல பெயர்களை ஓரிடத்தில் திரட்டின. சமணச் சான்றோராகிய மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, திண்ணைப் பள்ளி மாணாக்கர் மனனம் செய்து கற்ற நூல். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அம்முறையை மேலும் வளர்த்தது. பொருளைக் கொண்டு சொல்லைத் தேடலாம். எழுத்தைக் கொண்டும் தேடலாம். இன்றைய தேடுபொறி இவ்விரண்டையும் செய்கிறது.

நிகண்டு புகட்டும் பாடம் ஒன்று வணிகர்க்கு இன்றியமையாதது: ஒரு பொருட்குப் பல பெயர் உண்டு. செக்கு வைத்திருப்பவர் ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ என்பார். வாங்க வருபவர் ‘எள்ளெண்ணெய்’ என்று தேடக்கூடும். நகரத்து இளையோர் ‘கோல்டு பிரஸ்டு ஆயில்’ என்று தேடக்கூடும். தேடுபொறிகள் ஒருபொருட் பன்மொழியை ஓரளவு உணர்கின்றன எனினும், அதனையே நம்பியிருத்தல் நன்றன்று. வாடிக்கையாளர் கடையில் நின்று எந்தச் சொல்லால் கேட்கிறாரோ, தொலைபேசியில் எந்தச் சொல்லால் வினவுகிறாரோ, அச்சொல் பக்கத்தில் இடம்பெற வேண்டும். ஒரு திங்கள் அச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால், கடைக்குரிய நிகண்டு தானே உருவாகிவிடும்.

ஊரின் பெயர்கள்

பொருட்கு மட்டுமன்று, ஊர்க்கும் பல பெயர் உண்டு. 2006-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பாண்டிச்சேரி என்னும் பெயர் புதுச்சேரி என முறைப்படி மாற்றம் பெற்றது. ஆயினும் மக்கள் நாவில் புதுவையும் பாண்டியும் பாண்டிச்சேரியும் இன்னும் வழங்குகின்றன. பூரணாங்குப்பத்தை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு வகையாக எழுதுவர். வெளியூரார்க்குப் பூரணாங்குப்பம் என்னும் பெயரே தெரியாமலிருக்கலாம். அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்றால் தெரியலாம். இப்பெயர்களையெல்லாம் அடுக்கி எழுதுதல் முறையன்று. வழிகூறும் ஒரு தொடரிலேயே அவை இயல்பாக அமையும்: ‘புதுச்சேரி, அரியாங்குப்பத்தை அடுத்த பூரணாங்குப்பத்தில் எங்கள் செக்கு உள்ளது, பாண்டியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கி வரலாம்.’ படிப்பவர்க்கு வழி தெரிகிறது. தேடுபொறிக்கு இடம் தெரிகிறது. இருவர்க்கும் ஒரே தொடர் போதும்.

ஊர்ப்பெயரின் மதிப்பை அறிய வில்லியனூரை நோக்கலாம். வில்லியனூர்ச் சுடுமண் கைவினையும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே ஊரின் பெயரே பொருளின் பெயராகி நிற்கிறது. அத்தகைய கைவினைஞர் ஒருவர் தம் பக்கத்திற்கு வெறுமனே ‘அழகிய பொம்மைகள்’ என்று தலைப்பிட்டால், தம்மிடமுள்ள பெருஞ்செல்வத்தை மறைத்து வைத்தவர் ஆவார். குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமையை முறைப்படி பதிந்துகொண்டவர், அதனைத் தம் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

பக்கத்தில் எழுத வேண்டுவன

ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்தலைப்பு வேண்டும். ‘முகப்பு’, ‘வருக வருக’ என்பன தலைப்பாகா. ‘மரச்செக்கு நல்லெண்ணெய், பூரணாங்குப்பம், புதுச்சேரி’ என்பது தலைப்பு. நல்லெண்ணெய்க்கு ஒரு பக்கம், கடலை எண்ணெய்க்கு ஒரு பக்கம், தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பக்கம் எனப் பிரித்தல் நன்று. எள் எங்கிருந்து வருகிறது, செக்கு எம்மரத்தால் ஆனது, எந்த நாளில் ஆட்டுகிறார்கள், ஆட்டிய எண்ணெயை எத்தனை நாள் தெளியவிடுகிறார்கள், எத்துணை அளவுகளில் விற்கிறார்கள், விலை என்ன என்பவற்றைச் செக்குக்காரரே அறிவார். வேறு எத்தளத்திலிருந்தும் படியெடுத்து ஒட்ட முடியாத செய்திகள் அவை. அப்பக்கத்திற்குத் தனித்தகுதி தருவனவும் அவையே.

இங்கே ஒரு தடையைச் சுட்ட வேண்டும். பல சிறு கடைகள் தங்கள் துண்டறிக்கையைப் படமெடுத்து அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகின்றன. மனிதர் கண்ணுக்கு அதில் எழுத்துத் தெரியும். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் படமே. பெயர், முகவரி, விலை யாவும் தட்டச்சு செய்த எழுத்தாக இருத்தல் வேண்டும். அத்தட்டச்சும் ஒருங்குறியில் அமைதல் வேண்டும். முற்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறிமுறையில் இயங்கின; ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. 2010-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் அதனைத் தரமுறையாக ஏற்றது. பழைய எழுத்துருவில் எழுதிய பக்கம் இன்னும் எங்கேனும் இருப்பின், தமிழ்ச் சொல்லால் தேடுவோர்க்கு அது அகப்படாது. படங்களை இடும்போதும், படத்தில் இருப்பது யாது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தல் நலம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் வாய்விட்டுச் சொல்வதும் அந்த வரியைத்தான்.

பெரும்பாலோர் கைப்பேசியில் தேடுவதால், பக்கம் சிறுதிரையில் தடையின்றிப் படிக்கத் தக்கதாகவும் விரைந்து திறப்பதாகவும் இருத்தல் வேண்டும். மேலும், அருகில் உள்ள கடையைத் தேடுவோர்க்கு இணையதளத்திற்கு முன் நிலப்படமே கண்ணில் படுகிறது. கூகுள் வழங்கும் வணிக விவரப்பக்கத்திற்குக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண், ஒளிப்படங்கள் ஆகியவற்றை அதில் பதிந்து, உரிமையாளர் தாமே என்பதை மெய்ப்பிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், தளத்தில் ஒரு பெயர், நிலப்படத்தில் ஒரு பெயர் என்று இருத்தல் கூடாது. விழா நாள்களில் கடை மூடியிருக்குமாயின் அதனையும் முன்கூட்டிக் குறிக்க வேண்டும். திறந்திருக்கும் என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மீண்டும் வருதல் அரிது.

குறுக்குவழியின் கேடு

1998-இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது ஒரு முறையை வகுத்தனர். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள் எத்தகையன என்று நோக்கி அதன் தகுதியை அளந்தனர். ஊரார் மதிக்கும் ஒருவர் கூறும் நற்சான்றுக்குக் கூடுதல் மதிப்பு உண்டன்றோ? அதுவே இதன் அடிப்படை. இன்று வேறு பல கூறுகள் ஆராயப்பட்டாலும் நற்சான்றுக்கு இன்னும் இடம் உண்டு. செக்குக்காரரிடம் எண்ணெய் வாங்கும் உணவகம் தன் தளத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு இணைப்புத் தருமாயின், அது மெய்யான சான்று. விலைக்கு வாங்கிய ஆயிரம் இணைப்புகள் அதற்கு ஈடாகா, தண்டனைக்கும் வழிவகுக்கும்.

அத்தண்டனைக்குப் பெரியவர் சிறியவர் என்னும் வேறுபாடு இல்லை. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில், உலகப் புகழ்பெற்ற பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தைக் கூகுள் தன் சுட்டியிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகர்க்கு வேறொரு பக்கமும் காட்டியதே குற்றம். திருத்திய பின்னரே அத்தளம் மீண்டும் ஏற்கப்பட்டது. பக்கத்தின் மறைவிடத்தில் சொற்களைக் குவிக்கும் பழக்கமும் இத்தகையதே. அவ்வாறு மறைவாக இடும் குறிச்சொற்பட்டியலை வரிசைப்படுத்துதற்குத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. பொய்யாக எழுதுவிக்கும் பாராட்டுரைகளும் நிலைப்பன அல்ல. இணையத்தில் வெளியாகும் நுகர்வோர் கருத்துரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ஆம் ஆண்டு ஐ.எஸ். 19000 என்னும் தரமுறையை வெளியிட்டுள்ளது. கள்ளத் தராசு வைத்தவன் ஒருநாள் அகப்படுவான் என்பது கடைவீதிக்கும் இணையத்திற்கும் பொதுவான நீதி.

‘ஒரே திங்களில் முதற்பக்கத்தில் முதலிடம்’ என்று உறுதி கூறிப் பணம் கேட்போரிடம் விழிப்பாக இருத்தல் வேண்டும். முதலிடத்தை எவராலும் உறுதி செய்ய இயலாது என்று கூகுளே தன் வழிகாட்டுக் குறிப்பில் கூறுகிறது. பணம் கட்டி விளம்பரம் செய்தல் வேறு; தேடல் முடிவில் இயல்பாக இடம்பெறுதல் வேறு. முன்னதனால் பின்னது உயர்வதில்லை. தளம் அமைத்துத் தருவோர், தளப்பெயரைத் தம் பெயரிலேயே பதிந்துகொள்வதும் உண்டு. உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டிய அப்பெயர் பிறர் கையில் இருந்தால், அவரோடு பிணக்கு நேரும் நாளில் கடையின் பெயர்ப்பலகையே பறிபோகும். கடைமனையின் பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுதிவைப்பார் உளரோ? தளப்பெயரும் அத்தகைய பத்திரமே. அது உரிமையாளர் பெயரிலும், அவரது மின்னஞ்சல் முகவரியிலும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் அவரிடமே இருத்தல் வேண்டும்.

பயிர் போன்ற பணி

இவ்வளவும் செய்தபின் மறுநாளே பயன் விளையும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. தேடுபொறி ஒரு புதிய பக்கத்தைப் படிக்கவும், பதியவும், அதன் தகுதியை உணரவும் வாரங்களோ திங்கள்களோ ஆகலாம். விதைத்தவர் களை பறிப்பது போல, திங்களுக்கு ஒருமுறை அமர்ந்து விலை மாறியிருந்தால் திருத்துதல், புதிதாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை எழுதிச் சேர்த்தல், வந்த கருத்துரைகளுக்குப் பணிவுடன் மறுமொழி கூறுதல் ஆகியவற்றைச் செய்துவந்தால் போதும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் இருந்தால் மாலைப் பொழுதுகளில் முடிக்கத்தக்க வேலை இது. தந்தையின் செக்கைப் பற்றித் தமிழில் பத்துத் தொடர் எழுதப் பழகும் பிள்ளைக்குத் தொழிலும் புரியும், மொழியும் கைவரும்.

ஊரில் செய்யும் பொருளுக்கு ஊரிலேயே இருந்து விலை பெற முடியுமாயின், பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போவோர் தொகை குறையும். அதற்குத் தேவையானவை, யார், எங்கே, என்ன விற்கிறார் என்னும் மூன்று செய்திகள். அவற்றை வாங்குவோர் சொல்லால், மறைக்காமல், மிகைப்படுத்தாமல் எழுதும் நேர்மை. அம்மூன்றையும் இன்றிரவே ஒரு தாளில் எழுதிப் பார்ப்பவர் முதற்படியைக் கடந்தவர் ஆவார்.