பெட்டி உடைந்தது எதனால்?

நான்கு சில்லுகளாலும் இழுபடும் வாகனமொன்று சேற்று வழியிலே புதைந்து நின்றால் அது பெரிய செய்தியன்று. நாலு பேர் கைகொடுத்தால் அது வெளிவந்துவிடும். ஆனால், பாரம் எதுவுமின்றித் தார் வீதியில் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் அடியிலிருந்து பெரும் அரைவோசை கிளம்பி, வண்டி அசைய மறுக்குமாயின், உடையவரின் நெஞ்சு பதைபதைக்கும். கராஜுக்கு இழுத்துச் சென்றதும், "ட்ரான்ஸ்பர் கேஸ் போய்விட்டது, வேறொன்று போடவேண்டும்" என்ற தீர்ப்புக் கிடைக்கும். வேறொன்று தேடிப் போடப்படும். சில மாதங்களில் அதுவும் உடைந்துவிடும். இருமுறை பணம் செலவழித்த பின்பும், முதற்பெட்டி உடைந்தது எதனால் என்று எவரும் கேட்டிருக்கமாட்டார். அந்தக் கேள்வியே இப்பேச்சின் பொருள்.

ட்ரான்ஸ்பர் கேஸ் என்பது வலுவைப் பங்கிடும் பெட்டி. எஞ்சினிலே பிறந்த வலு கியர்ப் பெட்டியைக் கடந்து இப்பெட்டிக்கு வருகிறது. இங்கிருந்து ஒரு நெடுந்தண்டு முன்னச்சுக்கும், மற்றொன்று பின்னச்சுக்கும் செல்கின்றன. இரண்டாவது உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்ட் என்னும் இரு அமெரிக்கக் கம்பனிகளும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்தன. இந்தப் பெட்டி எத்தகையது என்பதை உலகின் மூலைமுடுக்கெல்லாம் அறியச் செய்தவை அவையே. அந்த ஜீப்பின் பெட்டியில் இரு நிலைகள் உண்டு. மேல்நிலையில் வலு மாற்றமின்றிச் செல்லும். கீழ்நிலையில் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, இழுவிசை இருமடங்காகப் பெருகும். முதற் கியரும் கீழ்நிலையும் சேர்ந்தால், சில்லு ஒருமுறை சுற்ற எஞ்சின் 25 முறைக்கு மேல் சுற்றவேண்டும். சுமார் 60 குதிரைவலு மாத்திரமே கொண்ட எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தையும் வென்றதன் இரகசியம் இதுவே.

இனி அச்சுக்கு வருவோம். அச்சின் நடுவே கிறவுண் என்னும் பெரிய பற்சில்லும், பினியன் என்னும் சிறிய பற்சில்லும் உள்ளன. போர்க்கால ஜீப்பில் பினியனுக்கு 8 பற்கள். கிறவுணுக்கு 39 பற்கள். முப்பத்தொன்பதை எட்டால் வகுத்தால் வருவது ஏறக்குறைய 4.88. இதுவே அச்சு விகிதம். 1945இல் பொதுமக்களுக்கென வெளிவந்த சீஜே-2ஏ ஜீப், வயலில் உழவும் பாரம் இழுக்கவும் வேண்டியிருந்தமையால், அதன் கிறவுணுக்கு 43 பற்கள் வைத்தார்கள். விகிதம் 5.38 ஆயிற்று. வெளிப்பார்வைக்கு இவ்விரு அச்சுகளும் உடன்பிறந்தவை போன்றவை. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

போர்க்கால ஜீப் ஒன்றின் பின்னச்சு பழுதாகி, அதற்குப் பதிலாகச் சீஜே-2ஏயின் பின்னச்சு பொருத்தப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். நான்கு சில்லுகளையும் இயக்கும்போது, பெட்டி இரு தண்டுகளையும் ஒரே அளவாகவே சுழற்றும். பின்சில்லு 100 சுற்றுச் சுற்றும் நேரத்தில் முன்சில்லு 110 சுற்றுச் சுற்ற முற்படும். சேற்றிலும் மணலிலும் சில்லு சறுக்கி இந்த வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். தார் வீதியிலே சறுக்க இடமில்லை. ஒரே வண்டியில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று ஓடவும் மற்றது நடக்கவும் முயன்றால் நுகம் என்ன பாடுபடுமோ, அந்தப் பாட்டை இங்கே தண்டுகளும் பெட்டியின் பற்சில்லுகளும் படுகின்றன. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவான டயர்களைப் பூட்டினாலும் இதே தீமை, சிறிய அளவில், நேரும். விகிதங்கள் ஒத்திருந்தாலும், வளைவுகளில் முன்சில்லுகள் செல்லும் வழி நீளமானது. ஆகவே இத்தகைய வண்டியை உறுதியான வீதியில் இரு சில்லுகளால் ஓட்டுவதே முறை.

விகிதத்தைச் சோதிக்க அச்சைப் பிரிக்க வேண்டியதில்லை. கியரை நீக்கிவிட்டு, ஒரு பக்கச் சில்லைத் தரையில் விட்டு, மறுபக்கச் சில்லை மாத்திரம் உயர்த்தி, அதனை 20 சுற்றுச் சுற்றவேண்டும். அதற்குள் நெடுந்தண்டு ஏறக்குறைய 49 முறை சுற்றினால் விகிதம் 4.88, ஏறக்குறைய 54 முறை சுற்றினால் 5.38. இரண்டு அச்சுகளும் ஒரே விடையைத் தரவேண்டும்.

எந்த விகிதத்தைத் தெரிவது? அதற்கும் கணக்கு உண்டு. 28 அங்குல விட்டமுள்ள டயரை நீக்கி 31 அங்குல டயரைப் பூட்டினால், வண்டியின் இழுவிசை குறையும். பழைய விகிதமான 4.88ஐ 31ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 5.40 வரும். அதற்கு அண்மையில் கிடைப்பது 5.38, அதனை இரு அச்சுகளிலும் போட்டால் பழைய இழுவிசை மீளும். அவ்வாறு செய்யாதவருக்கு வேறோர் இடரும் உண்டு. ஜீப்பின் வேகமானி பெட்டியிலிருந்தே இயங்குவது. பெரிய டயருடன் அது 40 மைல் என்று காட்டும்போது, வண்டி 44 மைலில் ஓடிக்கொண்டிருக்கும். சமதரையில் நெடுந்தூரம் ஓடுபவர் பெரிய விகிதத்தை நாடுவதும் தவறு. 28 அங்குல டயருடன் 45 மைல் வேகத்தில், 4.88 விகிதமாயின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,630 முறையளவில் சுற்றும், 5.38 ஆயின் 2,900 முறை சுற்றும். ஆகவே, வண்டி செய்யப்போகும் வேலையை முதலில் தீர்மானித்து, பின்னர் விகிதத்தைத் தீர்மானித்தல் வேண்டும். கிறவுணும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாகச் செய்யப்பட்டவை. ஒரு சோடியின் கிறவுணை வேறொரு சோடியின் பினியனுடன் சேர்த்தல் ஆகாது.

பெட்டியைக் கழற்றும்போது உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடிய ஒன்று உண்டு. ஜீப்பின் கைத்தடை சில்லுகளில் இல்லை. பெட்டியின் பின்புறத்திலேயே இருக்கிறது. பெட்டியோடு, ஏன், பின் நெடுந்தண்டைக் கழற்றியவுடனேயே, கைத்தடையும் போய்விடும். சரிவில் நிற்கும் வண்டி அடியில் கிடப்பவர் மீது உருளும். எனவே சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். குறுக்குச் சட்டத்தைக் கழற்றுமுன் எஞ்சினுக்கும் முட்டுக் கொடுக்கவேண்டும்.

வடித்த எண்ணெயை வீசிவிடாது ஒரு தட்டில் ஊற்றிப் பார்த்தல் நன்று. உடைந்த பற்துண்டுகள் கிடந்தால் மிகையான பாரத்தையோ அச்சு வேற்றுமையையோ ஐயுறலாம். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெயே இல்லையென்றால், ஒழுக்கைக் கவனியாது விட்டதே குற்றம். புதிதாக வரும் பெட்டியின் உள்வாயிற் பற்கள் கியர்ப் பெட்டியின் தண்டுடன் பொருந்துகின்றனவா, அதன் கீழ்நிலை விகிதம் யாது என்பவற்றையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நல்ல வைத்தியர் நாடியைப் பார்க்காது மருந்து கொடுப்பதில்லை. உடைந்த பெட்டியும் தன் நோயின் கதையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதனை வாசித்தறிந்து, அச்சுகளையும் எண்ணிப் பார்த்தவருக்கு, இரண்டாவது பெட்டி வாங்கும் செலவு மிச்சமாகும்.