திரையில் தெரியாத பயணி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற இரயில்வே எழுத்தராகிய யாம் நிருவாகத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், மேலதிகாரியின் திரையில் தோன்றும் கணக்கு எம்போன்றோர் விரல்வழியே செல்வது. ஆதலின் பேசத் துணிந்தோம்.

இருப்புப்பாதை இல்லாத இத்தீவிலும் இரயில் முன்பதிவு உண்டு. முற்காலத்தில் முன்பதிவுக்குப் பேரேடுகள் இருந்தன. எழுத்தர் எழுதுவார்; மேற்பார்வையாளர் கூட்டுவார்; அறிக்கை பல கை மாறி அதிகாரியை அடையும். 1985-86இல் புதுதில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. 1999இல் சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. இன்று காத்திருப்போர் தொகையை அதிகாரி நொடியில் காண்கிறார். கூடுதல் பெட்டி இணைக்கவோ சிறப்பு இரயில் விடவோ முடிவு செய்கிறார். 1990-91இல் 16 இலட்சத்துக்கு மேலிருந்த இரயில்வே ஊழியர் இன்று ஏறத்தாழ 12 இலட்சமே. ஆள் குறைந்தும் பணி நடப்பதற்கு இவ்வேற்பாடும் ஒரு காரணமாகும். 2020 ஆகஸ்டு 10 அன்று, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் சென்னையோடு நம்மை இணைத்தது. நம் கணக்கும் விரைந்து செல்கிறது.

ஆனால் ஒன்று எண்ணுங்கள். நம்மவர் குடும்பம் ஒன்று சென்னைக்குக் கப்பலேறுகிறது. கடல் கொந்தளித்துக் கப்பல் ஒரு நாள் பிந்துகிறது. மதுரை இரயில் போய்விடுகிறது. ‘பயணி வரவில்லை’ என்று கணக்கு ஏறும். ஏன் வரவில்லை என்பது ஏறாது. அறிக்கை கைமாறிய காலத்தில், “ஐயா, இவர்கள் கப்பலில் வருவோர்” என்று ஒரு சொல் சொல்ல இடையில் ஆள் இருந்தார். அவ்விடம் ஒழிந்ததும் அச்சொல்லும் ஒழிந்தது.

அரசனுக்குச் செய்தி வரும் வழியை ஒற்றாடல் என்று தனி அதிகாரமாகவே வகுத்தார் வள்ளுவர். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றன் சொல்லோடு ஒப்பிடுக என்பது அவர் அறிவுரை. கணிப்பொறியும் ஓர் ஒற்றனே. மற்ற ஒற்றர் யார்? முகப்பில் அமர்ந்த எழுத்தரும், பயணம் செய்யும் நீங்களுமே.

எம் குறையையும் மறைக்கமாட்டோம். இரயிலை இழந்து வந்து முறையிட்டோர் பலருக்கு விதியைச் சொல்லி அனுப்பினோம். ஒருவர் செய்தியையேனும் எழுதி வைத்தோமில்லை. இனி எழுதி வைப்போம். நீங்களும் முணுமுணுத்துச் செல்லாமல், நாள், கப்பல், இரயில் எண், ஆள் தொகை ஆகியவற்றைத் தாளில் குறித்துச் சங்கத்தில் கொடுங்கள். சங்கம் அவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் அதிகாரிகளுக்கு அனுப்பட்டும். திரை காட்டாததை நம் தாள் காட்டட்டும்.