சூரியத் தகடும் காயலான் கடையும்

 

மாடியில் சூரிய ஒளித் தகடு பொருத்தலாமா என்று புதுவாயலில் பலரும் கேட்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. தாராளமாகப் பொருத்துங்கள். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்பதை நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லத் தேவையில்லை. இந்தத் தகடு புகை கக்குவதில்லை, சாம்பல் கொட்டுவதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. தகட்டின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். அதன்பிறகு அது எங்கே போகும்?

டெல்லியிலுள்ள எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் மன்றம் என்ற ஆய்வு அமைப்பு 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2023 மார்ச் வரை நிறுவப்பட்டவற்றிலிருந்து நாட்டில் சேர்ந்த கழிவு சுமார் ஒரு லட்சம் டன்! புதிதாக நிறுவப்படுபவற்றையும் சேர்த்தால் 2030க்குள் நாட்டின் கழிவு 6 லட்சம் டன்னாகலாம். கமுதியில் 2016இல் அமைந்த ஒரே நிலையத்தில் மட்டும் சுமார் 25 லட்சம் தகடுகள்!

உடைந்த தகடு கடைசியில் வந்து சேரும் இடம் காயலான் கடைதான். அந்தத் தொழிலில் நம் சகோதரர்கள் எத்தனை பேர்! அலுமினியச் சட்டத்துக்கும் செம்புக் கம்பிக்கும் விலை உண்டு. எடையில் முக்கால் பங்கு கண்ணாடி, அதைக் கேட்பாரில்லை. எனவே உடைத்து ஏரிக்கரையில் கொட்டவோ, தீ வைக்கவோ மனம் வரும். சிந்தியுங்கள்! பெரும்பாலான தகடுகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. பின்புறப் பிளாஸ்டிக் எரிந்தால் நச்சுப் புகை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் அபாய அளவில் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் எச்சரித்தது. ஈயம் உருக்கும் ஆலைகள் ஏற்கெனவே உள்ள கும்மிடிப்பூண்டி வட்டாரம் இன்னொரு சுமையைத் தாங்குமா?

சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளில் சூரியத் தகடும் அடக்கம். கழிவைப் பத்திரமாகச் சேமித்து வைக்கும் பொறுப்பை 2034-35 வரை தயாரிப்பாளர்கள் மீது அந்த விதி சுமத்துகிறது. மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆகவே வாங்குவோரே! பழைய தகட்டை யார் திரும்ப எடுப்பார் என்பதை இரசீதிலேயே எழுதி வாங்குங்கள். காயலான் கடைச் சகோதரர்களே! தகட்டை உடைக்காமல் முழுதாக அடுக்கி வையுங்கள். பதிவு பெற்றவரிடமே கொடுங்கள். இளைஞர்களே! தொழிற்பேட்டைக்கு அருகில் ஒரு சேகரிப்பு மையம் கேட்டு ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள்.

மாடியில் வெளிச்சம் வாங்கி, ஏரியில் விஷம் கொட்டுவது வியாபாரமல்ல!