பெரட்டுக் கணக்கும் பெர்மிட் கணக்கும்

நாட்டில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர் இத்தனை இலட்சம் என்றும், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் இந்தியர் இத்தனை ஆயிரம் என்றும் செய்தித்தாள்களில் எண்களைக் காண்கிறோம். எண்ணைப் பார்த்ததும் சிலர் அஞ்சுகிறோம், சிலர் ஆத்திரப்படுகிறோம். ஆனால் அந்த எண் எங்கே பிறந்தது, யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்று கேட்பவர் நம்மில் மிகக் குறைவு. வந்து குடியேறியவர்களின் அனுமதிப் பத்திரங்களைப் பற்றிய அரசாங்கப் புள்ளிவிவரம் எவ்வாறு திரட்டப்படுகிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

மூவார் வட்டாரத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. ஒரு தோட்டத்தில் எத்தனை தொழிலாளர் என்று கேட்டால் மூன்று விடைகள் உண்டு. கிராணியாரின் செக்ரோலில் இருக்கும் பெயர்கள் ஒரு கணக்கு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்தவர்கள் இன்னொரு கணக்கு. லயங்களில் குடியிருக்கும் கிழவர், குழந்தை, நோயாளி உட்பட எல்லா உயிர்களும் மூன்றாவது கணக்கு. செக்ரோலில் இருநூறு, பெரட்டில் நூற்றெண்பது, லயத்தில் ஐந்நூறு என்று வந்தால் கிராணியார் பொய் சொல்கிறார் என்று நாம் எண்ண மாட்டோம். மூன்றும் உண்மை, எண்ணிய பொருள்தான் வேறு. அரசாங்கக் கணக்கும் இப்படித்தான். அதில் வாயில் கணக்கு, பத்திரக் கணக்கு, வீட்டுக் கணக்கு என்று மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வாயில் கணக்கு. நாட்டின் வாசலில் நின்று உள்ளே வந்தவரையும் வெளியே போனவரையும் எண்ணுவது இது. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய காலத்தில், தொழிலாளர் இலாகா ஆண்டுதோறும் இப்படி ஒரு கணக்கு வைத்தது. 1907ஆம் ஆண்டில் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழுவின் நிதியிலிருந்து செலவு கொடுக்கப்பட்டு வந்தவர்கள் ஒரு வரிசையிலும், சொந்தச் செலவில் வந்தவர்கள் மற்றொரு வரிசையிலும் எழுதப்பட்டனர். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் இதில் இரண்டாம் முறையும் புதிதாக வந்தவரைப் போல எண்ணப்படுவார். ஆகவே வந்தவர் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், வாழ்ந்தவர் தொகை கிடைக்காது. பேருந்தில் ஏறியவர்களை மட்டும் எண்ணி, பேருந்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது பத்திரக் கணக்கு. இதுவே இன்றைய உரையின் மையம். மலாயாவில் வெளிநாட்டவரின் வருகையையும் தங்குதலையும் பத்திரத்தால் முறைப்படுத்திய முக்கியமான சட்டம் 1933ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலையும் ஈய விலையும் வீழ்ந்திருந்த காலம் அது. சீனாவிலிருந்து வந்தவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் அந்நியர் ஆனார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்த தமிழர்களோ பிரிட்டிஷ் குடிகள்; ஆதலால் அந்நியர் அல்லர். அவர்களுக்கு அந்தப் பத்திரம் தேவைப்படவில்லை. தேவைப்படாத பத்திரம் அவர்கள் கையிலும் இல்லை. அந்தக் கணக்கேட்டில் அவர்கள் பெயரும் இல்லை.

அன்று இது ஒரு சலுகை போலத் தோன்றியிருக்கும். காலம் மாறியது. அவசரகாலம் தொடங்கிய 1948ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயது நிரம்பிய அனைவருக்கும் அடையாளக் கார்டு வழங்கும் பதிவு தொடங்கியது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் சுதந்திரம் வந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி திறந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்களில் பலர் அந்த ஓராண்டைத் தவறவிட்டார்கள். எந்த ஆண்டில் வந்தோம், எங்கே பிறந்தோம் என்று மெய்ப்பிக்கத் தாள் இல்லாதவர்களும் இருந்தார்கள். பத்திரம் கேட்கப்படாமல் வந்தவர்களிடம், பத்திரம் எங்கே என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, பல ஆயிரம் தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டி இந்தியாவுக்குத் திரும்பிய துயரத்தை முதியவர்கள் அறிவார்கள்.

இன்று கையில் இருக்கும் கார்டின் நிறம் நிலையைச் சொல்கிறது. நீலம் குடிமகனுக்கு. சிவப்பு நிரந்தர வாசிக்கு. பச்சை தற்காலிக வாசிக்கு. இவற்றை வழங்குவது தேசியப் பதிவு இலாகா. வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வரும் தொழிலாளிக்குரிய தற்காலிக வேலை அனுமதியை வழங்குவது குடிநுழைவு இலாகா. தோட்டம், விவசாயம், தொழிற்சாலை, கட்டுமானம், சேவை, வீட்டுப் பணி என்று துறைவாரியாகவும், வந்த நாடுவாரியாகவும் அந்த இலாகா அவற்றைக் கூட்டுகிறது. அந்தத் தொகைகள்தாம் புள்ளிவிவர இலாகாவின் வெளியீடுகளுக்கும் நாடாளுமன்றப் பதில்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் போகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூவார் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள தளவாடத் தொழிற்சாலைகளில் அந்நியத் தொழிலாளர் பலர் வேலை செய்கிறார்கள். அப்படி ஒரு தொழிற்சாலையில் நூறு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் வழங்கப்பட்ட அனுமதிகளைக் கூட்டினால் முந்நூறு. ஆட்களோ அதே நூறு பேர். ‘வழங்கப்பட்டவை’ என்பது ஒரு கணக்கு. ‘டிசம்பர் 31ஆம் நாள் நடப்பில் இருந்தவை’ என்பது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொள்பவர் ஆளையும் தாளையும் குழப்பிக்கொள்கிறார்.

இன்னும் கேளுங்கள். அந்த நூறு பேரில் பத்துப் பேருக்கு அனுமதி காலாவதியாகிவிட்டது, முதலாளி புதுப்பிக்கவில்லை. கணக்கில் தொண்ணூறு. விடுதியில் அரிசி வேகுவதோ நூறு பேருக்கு. பிறகு அரசாங்கம் பத்திரமில்லாதவர்களை முறைப்படுத்தும் திட்டம் ஒன்றை அறிவிக்கிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியிலும் 2023ஆம் ஆண்டிலும் இத்தகைய திட்டங்கள் தொடங்கப்பட்டன. அந்தப் பத்துப் பேரும் பதிந்துகொள்கிறார்கள். கணக்கு தொண்ணூறிலிருந்து நூறாக ஏறுகிறது. வெளிநாட்டவர் பெருகிவிட்டார்கள் என்று ஒருவர் கூக்குரலிடலாம். ஆனால் ஒரு விமானமும் வந்து இறங்கவில்லை. இருந்தவர்களுக்குத் தாள் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, உறுப்பு நாடுகள் வசிப்பிட அனுமதிகளை ஒரே முறையில் எண்ணி அனுப்ப வேண்டும் என்று விதித்தது. குடும்பம், கல்வி, வேலை, பிற காரணம் என்று அனுமதிகளைப் பிரிக்க வேண்டும். எத்தனை மாதங்களுக்கு உரியவை என்றும் பிரிக்க வேண்டும். முதல் அனுமதி வேறு, புதுப்பித்தல் வேறு. பழைய அனுமதி முடிந்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, அதே காரணத்துக்காகப் புதிய அனுமதி பெற்றால் அதுவும் முதல் அனுமதியாகவே எண்ணப்படும். இவ்வளவு நுணுக்கமாக இலக்கணம் வகுத்தது ஏன்? இலக்கணம் இல்லாவிட்டால் ஒரு நாட்டின் நூறும் மற்றொரு நாட்டின் நூறும் ஒன்றாக இரா.

மூன்றாவது வீட்டுக் கணக்கு. இது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மலாயாவில் 1911, 1921, 1931 என்று பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்தது. உலகப் போரால் தடைப்பட்டுப் பின் 1947இல் நடந்தது. 1931இல் சிங்கப்பூர் உட்பட ஆறு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த இந்தியர், 1947இல் ஏறக்குறைய ஆறு இலட்சமாகக் குறைந்திருந்தனர். மந்த காலத்தில் திருப்பியனுப்பப்பட்டவர்கள், 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது, சயாம் மரண ரயில்வேயில் மடிந்தவர்கள், அத்தனையும் அந்த ஒரு குறைவுக்குள் அடங்கியிருக்கின்றன. வீடு வீடாகச் சென்று தலையை எண்ணியதால்தான் அந்த இழப்பு வெளியே தெரிந்தது. எந்தப் பெர்மிட் ஏடும் அதைக் காட்டியிராது.

ஆனால் வீட்டுக் கணக்கிலும் வரிசைகள் உண்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள் 32.4 மில்லியன். அவர்களில் நூற்றுக்கு 91.7 பேர் குடிமக்கள், 8.3 பேர் குடியுரிமை இல்லாதவர்கள். பூமிபுத்ரா, சீனர், இந்தியர் என்னும் இனப் பிரிவுகள் குடிமக்கள் என்ற தலைப்பின் கீழேதான் வருகின்றன. ஆகவே ஐம்பது ஆண்டுகள் பால் வெட்டிய, சிவப்புக் கார்டு வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டி ‘இந்தியர்’ என்ற வரிசையில் வரமாட்டார். நேற்று வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளியோடு சேர்ந்து ‘குடியுரிமை இல்லாதவர்’ வரிசையில்தான் இருப்பார். ஒரே லயத்தில், ஒரே அடுப்பைச் சுற்றி அமரும் பாட்டியும் பேரனும் அட்டவணையில் வெவ்வேறு பக்கத்தில் இருப்பார்கள்.

இவற்றை மனத்தில் கொண்டு, நம் சமூகத்தில் அடிக்கடி அடிபட்ட மூன்று எண்களைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் காலத்தில், பத்திரமோ குடியுரிமையோ இல்லாத இந்தியர் மூன்று இலட்சம் என்று அரசியல் மேடைகளில் சொல்லப்பட்டது. அதற்கு முன் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைடாஃப்தார் என்ற பெயரில் நடந்த பதிவு இயக்கத்தில் பதிந்துகொண்டவர்கள் 14,882 பேர். 2018ஆம் ஆண்டு ஜூலையில், சிவப்புக் கார்டு வைத்திருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று பிரதமர் துன் டாக்டர் மகாதீர் அறிவித்தபோது சொல்லப்பட்ட எண் 3,407.

மூன்று இலட்சமா, பதினையாயிரமா, மூவாயிரத்து நானூறா? இதை வைத்துக் காப்பிக் கடைகளில் நடந்த வாக்குவாதம் கொஞ்சமன்று. பெரட்டுப் பாடத்தை நினைவில் கொண்டால் வழி தெரியும். முதல் எண் ஒரு மதிப்பீடு. பெயர்ப் பட்டியலை வைத்துக் கூட்டியதன்று. இரண்டாவது எண், குறிப்பிட்ட சில நாள்களில் முகப்பிடத்துக்கு வந்தவர்களின் தொகை. பேருந்துக் கூலி இல்லாதவரும், விவரம் எட்டாதவரும், அஞ்சி ஒதுங்கியவரும் அதில் இல்லை. மூன்றாவது எண் ஒரே நிறக் கார்டு, ஒரே வயது வரம்பு. பச்சைக் கார்டுக்காரரும் கார்டே இல்லாதவரும் அதில் சேரவே மாட்டார்கள். இவற்றில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பொய்யாக்க முடியாது. இவை ஒரே கேள்விக்கு உரிய மூன்று விடைகள் அல்ல. மூன்று வேறு கேள்விகளுக்கு உரியவை.

நேயர்களே, இதனால் தோட்டப் பள்ளிக்கு என்ன என்று கேட்கலாம். முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில், ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்கும் முதல் தாள் பிறப்புப் பத்திரம். பன்னிரண்டாம் வயதில் ஆறாம் வகுப்பு மாணவன் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். அதுவரை எல்லாரோடும் ஓடி விளையாடிய பிள்ளை, அன்றைக்குத்தான் தான் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதை அறிந்துகொள்கிறான். தந்தை நீலக் கார்டு வைத்திருப்பார். தாய்க்குக் குடியுரிமை இராது. கோயிலில் தாலி கட்டிய திருமணம் பதிவு பெற்றிராது. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையின் குடியுரிமை தாயின் நிலையைக் கொண்டே பார்க்கப்படுகிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நடப்பில் இருக்கிறது. எனினும் மணவறையோடு காரியம் முடிந்துவிட்டதாக நினைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அந்த ஒரு கையெழுத்து இல்லாததால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லன்’ என்று பதிவாகிறது.

பிறப்பே பதியப்படாத பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவன் எந்த வாயில் வழியாகவும் வரவில்லை. ஆகவே வாயில் கணக்கில் இல்லை. கார்டு இல்லை, ஆகவே பத்திரக் கணக்கிலும் இல்லை. பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் கணக்கெடுப்பாளருக்குக் குடும்பத்தார் அஞ்சாமல் கதவைத் திறந்து, உள்ளது உள்ளபடி சொன்னால் மட்டுமே அவன் ஓர் எண்ணாகவாவது ஆவான். எண்ணப்படாதவனுக்காக எந்த இலாகா நிதி ஒதுக்கும்?

ஆகையால் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, இத்தகைய எண்களைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். எண்ணியது ஆளையா, தாளையா, விண்ணப்பத்தையா? எந்த நாளில் எண்ணியது? யாரை விட்டுவிட்டு எண்ணியது? அந்நியத் தொழிலாளரைப் பற்றிய எண்களுக்கும் இதே கேள்விகள்தாம். நம் பாட்டன்மார் பற்றிய கணக்கில் நியாயம் கேட்கும் நாம், இன்று அவர்கள் விட்டுப்போன லயத்தில் படுத்து, அவர்கள் செய்த வேலையைச் செய்பவர்களின் கணக்கிலும் நியாயமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, நம் வீட்டுத் தாள்களை ஒழுங்கு செய்வோம். திருமணத்தைப் பதிவோம். பிறப்பைக் காலக்கெடுவுக்குள் பதிவோம். பன்னிரண்டு வயதில் பிள்ளையை அழைத்துச் சென்று கார்டு எடுப்போம். பக்கத்து வீட்டில் தாளில்லாத பிள்ளை இருந்தால், பெற்றோருக்குத் தைரியம் சொல்லிப் பதிவு இலாகாவுக்கு உடன் செல்வோம். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் பள்ளிக்கு வரலாம், ஆசிரியர்கள் நிரப்பித் தருவோம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவருக்கு அன்றைய சம்பளம் எழுதப்படுவதில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். நம் பிள்ளைகளின் பெயர் கூப்பிடப்படும் நாளில், அவர்கள் குரல் கொடுக்க ஒரு தாள் அவர்கள் கையில் இருக்கட்டும்.